துன்ஹிந்த பார்க்கப் போன நாள்

பண்டாரவளை
1913 ஜனவரி 12

அன்பும் மரியாதையும் உள்ள ராத்தா ஸவாஹிராவுக்குத் தம்பி ஜாபிர் ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே சுகம். மலைக் குளிருக்குப் பிடித்த இருமலும் விட்டுவிட்டது. உம்மாவின் சுகத்தையும் உங்கள் சுகத்தையும், மொனராகலையில் கடை வைத்திருக்கும் ஸமீம் மச்சானின் சுகத்தையும் அறிய ஆவல்.

ராத்தா, ஒரு நல்ல செய்தி. இனிமேல் நான் ஹோட்டலில் மேசை துடைக்கிறவன் இல்லை, வழிகாட்டி! பதுளைப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த இங்கிலீசு கடைசியில் சோறு போடுகிறது. கொழும்பில் கப்பலை விட்டு இறங்கும் வெள்ளைக்காரர்கள் ரயிலேறி இங்கே வருகிறார்கள். அவர்களுக்கு ஒரே பகலில் ஊவா மாகாணத்தைச் சுற்றிக் காட்ட ஹோட்டல் துரை ஒரு மோட்டார் கார் வாங்கியிருக்கிறார். ஒரு காரில் ஒரு குடும்பம் மட்டும்தான். ஷுக்ரி கார் ஓட்டுவான். அவன் பக்கத்தில் முன் ஆசனத்தில் நான்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் எல்ல கணவாய், அங்கிருந்து ஒரு தேயிலைத் தொழிற்சாலை, பிறகு ஹாலிஎல. பதினொரு மணிக்குப் பதுளைக் கடைத்தெரு. பகல் சாப்பாட்டுக்கு துன்ஹிந்த அருவி. நான் கையில் பிரம்போடு முன்னால் நடப்பேன், அவர்கள் பின்னால் வருவார்கள். காதலனை இழந்த ஓர் இராசகுமாரி அந்த அருவியில் குதித்த கதையைச் சொல்வேன். அது நானே கட்டிய கதை, யாரிடமும் சொல்லாதீர்கள். வெறும் தண்ணீரைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள், கதை சொன்னால்தான் நின்று பார்க்கிறார்கள்.

நம் தெருமுனையில் காரை நிறுத்த அனுமதி இல்லை. ஆனாலும் கடந்து போகும்போது ஷுக்ரியை மூன்று தரம் ஹோர்ன் அடிக்கச் சொல்கிறேன். அது என் ஸலாம் என்று உம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு நாள் இதே காரில் உம்மாவையும் உங்களையும் ஏற்றிக்கொண்டு துன்ஹிந்தைக்குப் போவேன். இது என் வாக்கு.

துஆவை நாடும் தம்பி,
ஜாபிர்

*

பதுளை
1913 ஜனவரி 20

அன்புத் தம்பி ஜாபிருக்கு ராத்தா ஸவாஹிராவின் ஸலாம். இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உன் சுகத்துக்கு உம்மா ஐவேளையும் கையேந்துகிறார்.

உன் கடிதத்தை உம்மாவுக்கு மூன்று தரம் வாசித்தேன். "இங்கிலீசுல பேசுறானாமா, நம்மட ஜாபிரு?" என்று ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்டார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஹோர்ன் சத்தம் கேட்டது. உம்மா ஜன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் கார் போய்விட்டது, தூசிதான் மிச்சம். நீ ஒரு நிமிடமாவது இறங்கி வருவாய் என்று இடியாப்பம் அவித்து வைத்திருந்தோம். அது பக்கத்து வீட்டு நளீராவின் பூனைக்குப் போனது.

மறைக்காமல் எழுதுகிறேன். உம்மாவின் வலக் கண் மூடிவிட்டது. இடக் கண்ணிலும் பூ விழுகிறது. அந்தக் கண்ணும் இந்த வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொழும்புக்குப் போய் அறுக்கலாமாம். கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று உம்மா எழுந்து வந்துவிட்டார்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். "சீமையிலருந்து கப்பலேறி வாரவன் பாக்கிறான். நாலு மைல்ல ஈக்கிற நான் பாக்கல்ல. கண்ணு மூட முந்தி எனக்கும் அதக் காட்டச் செல்லு, அவன் வாயால கதையும் செல்லச் செல்லு" என்கிறார். ஆண் துணை இல்லாமல் நாங்கள் கடைத்தெருவைத் தாண்ட முடியாது என்று உனக்குத் தெரியும். உன் மச்சானிடம் கேட்டேன். "தண்ணி பாக்கணுமெண்டா கிணத்தடியில போய் நில்லுங்க" என்றார். ஆகையால் நீதான் வர வேண்டும். நாள் குறித்து எழுது.

அந்த இராசகுமாரி எந்த இராசாவின் மகளடா? பொய்க்கும் ஒரு ஊர் பெயர் வேண்டாமா?

ராத்தா,
ஸவாஹிரா

*

பண்டாரவளை
1913 பெப்ரவரி 9

மதிப்புள்ள ராத்தாவுக்கு ஜாபிரின் ஸலாம். நான் சுகம். உம்மாவின் கண் செய்தி படித்ததில் இருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நாள் குறித்துவிட்டேன். வருகிற 23ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காருக்கு ஓய்வு. காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன். உம்மாவைப் பின் ஆசனத்தில் உட்கார வையுங்கள், மெத்தை போட்ட ஆசனம். நீங்கள் உம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வளைவுகளில் வயிறு கலங்கும். துரைமார் வரும் அதே பாதையில் போவோம், ஒரு கல் குறையாமல் எல்லாம் காட்டுவேன். தெரு முழுக்கப் பார்க்கட்டும்.

மற்றவை நேரில்.

தம்பி,
ஜாபிர்

*

பதுளை
1913 பெப்ரவரி 24

தம்பி ஜாபிருக்கு ஸலாம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகமில்லாமல் போனதால்தான் நேற்று வரவில்லை என்று நினைத்தால் மனம் கொஞ்சம் ஆறும் போல இருக்கிறது. பார், எப்படிப்பட்ட நினைப்பெல்லாம் வருகிறது!

உம்மா விடியலில் சுபஹு தொழுத கையோடு உடுத்துவிட்டார். பெட்டியின் அடியில் கிடந்த பட்டுச் சேலை, அதன் மேல் வெள்ளைத் துப்பட்டி, வாப்பா மௌத்தான பிறகு தொடாத செருப்பு. கோழி பொரித்து, ரொட்டி சுட்டு, வாழையிலையில் கட்டி வைத்தோம். பத்து மணிக்கு நளீரா பிள்ளைகளோடு கார் பார்க்க வந்துவிட்டாள். பகல் ஆனது. ளுஹர் தொழுதோம். உம்மா திரும்பவும் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாயும் அஸர் வரைக்கும் கழற்றவில்லை. கால் வீங்கிவிட்டது.

"ரோட்டுல என்னமும் நடந்திருக்கும்" என்று உனக்காகப் பேசினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு தந்தி அடிக்கக்கூடவா உன் இங்கிலீசு உதவவில்லை?

ஸவாஹிரா

*

பண்டாரவளை
1913 மார்ச் 10

மதிப்புள்ள ராத்தாவுக்கு ஸலாம். உம்மாவின் கால் வீக்கம் வற்றியதா? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

என்மேல் குற்றம்தான். ஆனால் கேளுங்கள். 22ஆம் திகதி மாலை சீமையிலிருந்து ஒரு பெரிய நீதிபதி வந்து இறங்கினார். மறுநாளே ஊவாவைப் பார்க்க வேண்டும் என்றார். துரை என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் என்ன சொல்ல முடியும்? தந்தி ஆபீஸ் பூட்டிவிட்டது. அன்றும் நம் தெருமுனையைக் கடந்துதான் போனேன். ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று ஷுக்ரியிடம் நானே சொன்னேன். எந்த முகத்தோடு அடிக்கச் சொல்வது?

இந்த மாதம் 30ஆம் திகதி கட்டாயம் வருவோம். ஷுக்ரியும் சம்மதித்துவிட்டான். அதற்கு முன் லீவு நாளில் சும்மா வந்து போகலாம் என்று எழுதுவீர்கள். வெறுங்கையோடு, கோச்சு வண்டித் தூசியோடு வந்து நிற்க எனக்கு மனம் இல்லை. வந்தால் காரோடுதான் வருவேன்.

ஜாபிர்

*

பதுளை
1913 மார்ச் 31

தம்பிக்கு ஸலாம். உம்மாவின் உடம்பு சுகம். மனதைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

நேற்று கார் வந்தது. அது உனக்குத் தெரியும். நீ அதில் இல்லை. ஹாலிஎலையில் இறங்கி நிற்பதாகவும், எங்களை அங்கே ஏற்றி வந்தால் சேர்ந்துகொள்வதாகவும் ஷுக்ரி சொன்னான். ஹோட்டல் துரைக்குத் தெரிந்த ஒருவர் பதுளையில் இருப்பதால் நீ ஊருக்குள் வரப் பயந்தாயாம். அருவிக்கும் ஊருக்குள்ளால்தானே போக வேண்டும், அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

உம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் காரின் படியில் வைத்துவிட்டார். அந்த நேரம் தெருமுனையில் ஒரு வெள்ளைக்காரர் குதிரையில் போனார். ஷுக்ரியின் முகம் வெளுத்துவிட்டது. "உம்மா, மன்னிச்சிக்கோங்க. நம்மட ஆக்கள் பின் சீட்டுல இருக்கிறதக் கண்டா எங்க ரெண்டு பேருக்கும் வேல போயிடும். துரைட சட்டம்" என்றான். வைத்த காலை உம்மா எடுத்துவிட்டார். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. நளீராவும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்படி ஒரு சட்டம் இருப்பது உனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், இல்லையா? பிறகு ஏனடா வாக்குக் கொடுத்தாய்? நாங்கள் காரையா கேட்டோம்? அருவியைக் கேட்டோம், உன்னைக் கேட்டோம். லீவு நாளில் நடந்து வந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பே பார்த்து முடிந்திருக்கும்.

ஸவாஹிரா

*

பண்டாரவளை
1913 மே 18

ராத்தாவுக்கு ஸலாம். நான் சுகம். உம்மா சுகமா?

ஒன்றரை மாதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் உம்மாவின் கால் அந்தப் படியில் இருப்பதுதான் தெரிகிறது. சட்டம் எனக்குத் தெரியும். துரையின் மனம் கனியும் நேரம் பார்த்துக் கேட்டு வாங்கிவிடலாம் என்று இருந்தேன். இன்னும் கேட்கவில்லை. நோன்புப் பெருநாளுக்குள் கேட்டுவிடுவேன். காரில்லாமல் வந்தால் நம் தெருவில் என்னை என்ன சொல்வார்கள்? பொறுத்தார் பூமி ஆள்வார்.

உம்மாவுக்கு எவ்வளவு தெரிகிறது என்று எழுதுங்கள்.

ஜாபிர்

*

பதுளை
1913 ஜூன் 2

தம்பிக்கு ஸலாம். சுகம்.

உம்மாவுக்கு இப்போது வெளிச்சம் தெரிகிறது, ஆளின் உருவம் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. என்னைக் காலடிச் சத்தத்தில்தான் அறிகிறார்.

எங்களுக்குப் பூமி வேண்டாம், ஆளவும் வேண்டாம். ஓர் அருவி போதும் என்றிருந்தோம். உம்மா இன்று சொன்னது இது: "அவன இனித் தொந்தரவு பண்ணாத. நாம கேக்கல்ல எண்டு எழுது." எழுதிவிட்டேன்.

ஸவாஹிரா

*

பண்டாரவளை
1913 ஜூலை 6

மதிப்புள்ள ராத்தாவுக்குத் தம்பி ஜாபிரின் ஸலாம். இறைவன் உதவியால் நான் நல்ல சுகம். உம்மா சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் ஒரு மாதமாக என் சட்டைப் பையில் கிடக்கிறது. இன்று உம்மாவுக்கு ஒரு பரிசு கிடைத்திருப்பதால் துணிந்து எழுதுகிறேன். இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். உம்மாவால் பார்க்க முடியாவிட்டாலும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். என்னை யாரும் போட்டோ பிடித்தது இதுதான் முதல் தரம்.

போன மாதம் 19ஆம் திகதி துன்ஹிந்தைக்கு ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியைக் கூட்டிப் போனேன். தனியாக வந்தவள், ஓயாமல் படம் பிடிப்பவள். பாறையில் நம் சாதிப் பெண்கள் இருவர் முகம் மூடிய துப்பட்டிக்குள் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். எந்த வீட்டவர்களோ. மற்ற வீட்டுப் பெண்களை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்று வாப்பா சொல்லித் தந்ததை நான் மறக்கவில்லை. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். துரைசாணியோ அவர்களைப் படம் பிடித்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தாள். முகத்தைத் திருப்பியபடியே, "உம்மா, இந்தத் துரைசாணி ஒரு படம் பிடிக்கக் கேக்கிறா, கொஞ்சம் எழும்பி நில்லுங்க" என்று மரியாதையாகச் சொன்னேன். வயதானவர் உடனே எழும்பினார். மற்றவர்தான் தயங்கினார். பெரியவர் அவர் கையைப் பிடித்து இழுத்து எழுப்பியது மட்டும் கடைக்கண்ணில் தெரிந்தது. துரைசாணி என்னையும் சேர்ந்து நிற்கச் சொன்னாள். நான் நான்கு முழம் தள்ளி நின்றேன்.

பிறகு அவள் இவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று கேட்டாள். இராசகுமாரி கதையை அன்று ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தேன். வேறொன்று வேண்டும். "இந்தக் கிழவி தன் மகனைத் தொலைத்துவிட்டவள், அவனைத் தேடி இங்கே வருவாள்" என்று சொன்னேன். துரைசாணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொழும்பிலிருந்து மறக்காமல் இந்தப் படத்தை அனுப்பியிருக்கிறாள். ஒரு கதைக்கு எவ்வளவு பலன் பாருங்கள்!

ஹோட்டல் துரையிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்பேன்.

தம்பி,
ஜாபிர்

*

பதுளை
1913 ஜூலை 20

அன்புத் தம்பி ஜாபிருக்கு ராத்தா ஸவாஹிரா ஸலாம் சொல்லி எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். உம்மா உடம்புக்குச் சுகம். இடக் கண்ணும் போன வாரத்தோடு முடிந்துவிட்டது.

போட்டோ கிடைத்தது.

ஜூன் 19ஆம் திகதி காலை உம்மா சொன்னார்: "ஆம்புளத் துணை வேணுமெண்டு காத்திருந்து காத்திருந்து கண்ணு போச்சு. இண்டைக்குப் போறம்." உன் மச்சானுக்கு இன்று வரை தெரியாது. கறிச்சாமான் ஏற்றி வரும் மாடசாமியின் மாட்டுவண்டியைச் சுற்றிச் சீலை கட்டி, உள்ளே உட்கார்ந்து போனோம். மாடசாமி தன் மனைவி பாக்கியலெட்சுமியையும் கூட்டி வந்திருந்தான், எங்களுக்குத் துணையாக. அவர்களுக்குள்ள யோசனை எங்கள் வீட்டு ஆண்களுக்கு இல்லை. பாதை முடிந்த இடத்தில் இருந்து பாக்கியலெட்சுமி உம்மாவின் ஒரு கையையும் நான் மற்றக் கையையும் பிடித்துக்கொண்டோம். "பாத்து வாங்கம்மா, வழுக்குது. இந்தக் கல்லுல கால வைங்க" என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிச் சொல்லிக் கூட்டிப் போனாள். எங்களைப் பாறையில் உட்கார வைத்துவிட்டு அவள் வண்டிக்குத் திரும்பினாள்.

உம்மாவுக்கு அருவி தெரிந்தது. "வெள்ளச் சீல காயப்போட்ட மாதிரி ஈக்குது" என்றார். சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார். சாரல் முகத்தில் பட, சிரித்தார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், தம்பி. உன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விட்டது என்றுகூட நினைத்தேன்.

அப்போது உன் குரல் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். துரைசாணி முன்னால், நீ சுமையோடு பின்னால். உன் தலையில் என்ன இருந்தது, கையில் என்ன இருந்தது என்று நான் எழுதமாட்டேன். உம்மாவுக்கு அது தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. பிரம்பு மட்டும் உன் கையில் இல்லை. கூப்பிட வாய் திறந்தேன். உம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "கூப்பிடாத. அவன் வேல செஞ்சிட்டு ஈக்கான். வெள்ளைக்காரிக்கு முன்னால வெக்கப்படுவான்" என்றார்.

நீ கிட்டே வந்தாய். வாப்பா சொல்லித் தந்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நல்ல பிள்ளை வளர்ப்பு, உம்மாவையும் கூடப்பிறந்தவளையும் பார்க்காமல் போகும் அளவுக்கு நல்ல வளர்ப்பு. "உம்மா, எழும்பி நில்லுங்க" என்று நீ சொன்னாய். படம் பிடிப்பது ஆகாது என்று ஊரில் எல்லாருக்கும் சொல்கிற நம் உம்மா எழும்பிவிட்டார். நான் மாட்டேன் என்று உட்கார்ந்தே இருந்தேன். "எழும்பு. நம்மட புள்ள கேக்குது" என்று என் காதில் மெல்லச் சொல்லி என்னையும் இழுத்து நிறுத்தினார்.

இங்கிலீசில் நீ என்ன சொன்னாய் என்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை. அந்த வெள்ளைக்காரி அழுததைப் பார்த்து நான் அதிசயப்பட்டேன். இப்போது உன் கடிதத்தில் படித்தேன். நீ எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொய் சொல்லியிருப்பாய். அன்றைக்குச் சொன்னதில் பொய் இல்லை.

திரும்பி வரும்போது வண்டிக்குள் உம்மா அருவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "குரல் மெலிஞ்சு போச்சு. நேரத்துக்குச் சாப்பிடுறானில்ல" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

படத்தை உம்மாவிடம் கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். அடிக்கடி எடுத்து, "மகன் எவடத்துல நிக்கிறான்?" என்று கேட்டு, என் விரலால் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கச் சொல்கிறார். வைக்கிறேன். படத்தில் நீ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாய். நேற்று, "அவன் எங்க பாக்கிறான்?" என்று கேட்டார்.

"உங்களத்தான் உம்மா" என்று சொன்னேன்.

கதை கட்டுவது உனக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதே. இந்தக் கதையைத் தனியாகக் காப்பாற்ற என்னால் முடியாது. ஒரு நாள் வந்து உம்மாவின் முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார். அருவிக் கதை, இராசகுமாரி கதை எது வேண்டுமானாலும் சொல். காரில் வராதே. ஹோர்ன் சத்தம் கேட்டால் உம்மா இப்போதும் ஜன்னலுக்குப் போகிறார், வழியில் கதவில் இடித்துக்கொள்கிறார்.

வியாழக்கிழமை இடியாப்பம் அவிப்போம்.

ராத்தா,
ஸவாஹிரா